கட்டை உருட்டிக் கதை வளர்ப்பவர்களுக்கு: கேள்வி – பதில்

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். ‘இது நடக்குமா, நடக்காதா’ என்று சந்தேகம் வரும் இடத்தில் கட்டையை உருட்டி முடிவு தெரிந்துகொள்கிறார்கள். டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்பது இவ்வளவுதான். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, சுருக்கமாக டி அண்ட் டி, இந்த வகையில் முதலில் அச்சேறி விற்பனைக்கு வந்தது. சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் இந்த ஆட்டம் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

என் மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு நண்பன் வீட்டுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறான். மற்ற நாளில் நோட்டில் இல்லாத ஊருக்கெல்லாம் வரைபடம் போடுகிறான். இது எல்லை மீறிப் போகிறதா?
— ஒரு தாய், அஸ்தம்பட்டி

வரைபடம் போடுகிறான் என்றால் உங்கள் மகன் பெரும்பாலும் ஆட்டத்தை நடத்துபவன். அவர்கள் பேச்சில் டிஎம் அல்லது ஜிஎம். விளையாட மட்டும் வருகிறவருக்கு வாரம் நாலு மணி நேரம் போதும். நடத்துபவருக்கு அதற்கு மேல் தயாரிப்பு வேலையும் உண்டு. நாலு மணி நேர ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரத் தயாரிப்பு என்பது நியாயமான அளவு. ஆக வாரத்துக்கு ஆறு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் பையனுக்கும் ஏறத்தாழ இவ்வளவு நேரம்தான் போகும்.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. தயாரிப்பு நேரம் ஆட்ட நேரத்தைத் தாண்டுவது ஒன்று. மாதக்கணக்கில் ஆட்டமே நடக்காமல் நோட்டு மட்டும் நிரம்புவது இன்னொன்று. அப்போது நண்பர்களுடன் ஆடும் ஆட்டம் போய், தனியாக உட்கார்ந்து செய்யும் வேலையாகிவிடும். ‘போன வாரம் மற்றவர்கள் என்ன செய்தார்கள்?’ என்று மகனிடம் கேளுங்கள். மற்ற நாலு பேரின் பாத்திரங்களைப் பற்றி உற்சாகமாகச் சொன்னால் நல்ல மேஜையில் இருக்கிறான் என்று அர்த்தம். தன் உலகத்தைப் பற்றி மட்டுமே சொன்னால், தயாரிப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஒரு ஞாயிறு உங்கள் வீட்டிலேயே ஆடச் சொல்லிப் பாருங்கள். ஒரு மேஜையும் ஆறு நாற்காலியும் போதும். தட்டுவடை செட் வாங்கி வைப்பதாக இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்து இடைவேளையில் வேறு இடத்தில் கொடுங்கள். சட்னி பட்ட விரலால் தொட்ட கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தின் விவரங்களை எழுதிவைக்கும் தாள்) பிறகு பென்சில் எழுதாது.

ஆரம்பிக்க எவ்வளவு பணம் வேண்டும்? விதிப் புத்தகங்களின் விலையைப் பார்த்து மலைத்து நிற்கிறோம்.
— கல்லூரி மாணவர், ஓமலூர்

முதல் மூன்று மாதத்துக்கு ஜெராக்ஸ் செலவு மட்டும்தான். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விடப்பட்டது. எஸ்ஆர்டி 5.1 என்று தேடுங்கள். முழுவதையும் அச்செடுக்க வேண்டாம். சண்டை நடக்கும் முறை, நீங்கள் எடுத்துக்கொண்ட நாலு பாத்திர வகைகள், முதல் மூன்று நிலைகளுக்கான மந்திரங்கள், இவற்றை மட்டும் எடுத்தால் போதும். ‘பாத்ஃபைண்டர்’ ஆட்டத்தின் விதிகளும் ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ்’ என்ற தளத்தில் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் கணக்கு அதிகம் என்பதால் முதல் ஆட்டத்துக்குச் சிபாரிசு செய்யமாட்டோம்.

கட்டைகள் ஏழு கொண்ட செட்டாக வரும். 4, 6, 8, 12, 20 முகங்களில் ஒவ்வொன்று, 10 முகத்தில் இரண்டு. அது வந்து சேரும்வரை வீட்டிலிருப்பதை வைத்தே சமாளிக்கலாம். இருபது முகத்துக்குச் சீட்டுக்கட்டில் ஒரே ஜாதியின் ஏஸ் முதல் பத்து வரை பத்துச் சீட்டை எடுங்கள். ஒரு சீட்டை இழுத்து, நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் பத்தைக் கூட்டுங்கள், பூ விழுந்தால் சீட்டின் எண்ணே விடை. இழுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அப்படியே விட்டால் போன சீட்டு மறுபடி வராது என்பது தெரிந்துவிடும், ஆட்டம் கெடும். பன்னிரண்டு முகத்துக்குச் சாதாரண ஆறு முகக் கட்டையும் நாணயமும்: தலை என்றால் ஆறைக் கூட்டுங்கள். எட்டு முகத்துக்கு மூன்று நாணயம். ஒன்றுக்குத் தலை விழுந்தால் 4, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. மூன்றையும் கூட்டி அதோடு ஒன்றைச் சேருங்கள்.

இருபது முகத்துக்குப் பதிலாக மூன்று ஆறு முகக் கட்டையை உருட்டிக் கூட்டும் யோசனை மட்டும் வேண்டாம். சராசரி இரண்டிலும் 10.5 தான். ஆனால் மூன்று கட்டையில் நடு எண்களே திரும்பத் திரும்ப வரும். 18 வருவது 216-இல் ஒரு தடவை. 19-உம் 20-உம் வரவே வராது.

பாட்டி வைத்திருந்த பித்தளைத் தாயக்கட்டை இருக்கிறது. அதை வைத்து இந்த ஆட்டம் ஆட முடியுமா?
— வாசகி, அம்மாப்பேட்டை

முடியும். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் கட்டையைவிட நன்றாகவே வரும். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறோம்.

நீளக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, வெறுமை என நாலு முகம். இரண்டையும் சேர்த்து உருட்டினால் மொத்தம் 16 வகையில் விழலாம். தாயம் என்னும் ஒன்று விழ இரண்டு வழி. இரண்டு விழ மூன்று வழி, மூன்றுக்கு நாலு, நாலுக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒரே வழி. அதாவது நடுவில் குவிந்து ஓரத்தில் மெலியும் கணக்கு. இரண்டு ஆறு முகக் கட்டையை வைத்து ஆடும் ஆட்டங்கள் விரும்பி வைத்திருக்கும் அமைப்பும் இதுதான்.

நாலும் அதற்கு மேலும் விழுந்தால் வெற்றி என்று வைத்தால் 16-இல் 7, சுமார் 44 சதவீதம். இங்கே ஒரு சிக்கல் வரும். கணக்குப்படி ஒன்று என்பது தோல்வி. ஆனால் தாயம் விழுந்ததைப் பார்த்துத் தோற்றோம் என்று நினைக்க நம் வீட்டில் யாருக்கும் மனம் வராது. காய் உள்ளே இறங்குவதே தாயத்தில்தானே! ஆகவே தாயத்தையும் வெற்றியாக்குங்கள். அதோடு யாரும் எதிர்பாராத ஒரு வழி திறப்பதாகவும் வையுங்கள்: பூட்டை உடைக்கப் போனவருக்கு உள்ளேயிருந்தே யாரோ கதவைத் திறக்கிறார்கள் என்பதுபோல. அப்போது வெற்றி 16-இல் 9, அதாவது 56 சதவீதம். சாதாரண வேலைக்குச் சரியான அளவு. கடினமான வேலைக்கு ஐந்தும் அதற்கு மேலும் தேவை என்று வைத்தால், தாயத்தையும் சேர்த்து 16-இல் 6.

பழக்கப்பட்ட வேலைக்கு ஒன்று கூட்டிக்கொள்ளலாம் என்று விதி வையுங்கள். கூட்டினால் 9 என்பது 13 ஆகும். இரண்டு கூட்டினால் 16-க்கு 16, தோல்வியே கிடையாது. அதனால் கூடுதல் ஒன்றோடு நிற்க வேண்டும். இருபது முகக் கட்டையில் ஒன்று கூட்டுவது ஐந்து சதவீதம்தான் மாற்றும், இதிலோ இருபத்தைந்து. டி அண்ட் டி-யின் எண்களை அப்படியே தூக்கித் தாயக்கட்டையில் போட்டால் இரண்டாம் வாரமே எல்லாரும் எல்லாவற்றிலும் ஜெயித்துக்கொண்டிருப்பார்கள்.

பல வீடுகளில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டும் வழக்கம் உண்டு. இங்கே அதை எடுத்துவிடுங்கள். 16-இல் 6 தடவை மறு உருட்டு வந்தால் மற்ற மூன்று பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். உருட்டுவதற்கு மரமேஜை வேண்டாம், ஜமுக்காளம் விரித்துத் தரையில் உட்காருங்கள். பித்தளை மேஜையில் விழும் சத்தத்தில் பேச்சே கேட்காது, விளிம்பும் சீக்கிரம் தேயும்.

ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். இரண்டு பேருக்கு ஷிப்ட் வேலை. மூன்று ஆட்டம் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதமாக ‘அடுத்த வாரம்’ என்றே போகிறது. ஆர்வம் இல்லாதவர்களோடு எப்படித் தொடர்வது?
— ஐந்து ரோடு வாசகர்

ஆர்வத்தைக் குறை சொல்லாதீர்கள், கணக்கைப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஐந்து வாரத்தில் நாலு வாரம் வரக்கூடியவர், அதாவது 80 சதவீதம், என்று வைத்துக்கொள்வோம். மிக ஒழுங்கான ஆட்கள். ஐந்து பேரும் ஒரே நாளில் கூட வாய்ப்பு 33 சதவீதம்தான். மூன்று வாரத்தில் இரண்டு வாரம் ஆட்டம் நின்றுபோகும். நாலு பேர் வந்தாலே ஆடலாம் என்று வைத்தால் 74 சதவீதம். மூன்று பேர் போதும் என்றால் 94. உங்கள் குழுவைக் கொன்றது ‘எல்லாரும் வந்தால்தான்’ என்கிற விதி. நல்லெண்ணத்தில் வைத்த விதிதான், ஆனால் ஷிப்ட் ஆட்களுக்கு அது ஒத்துவராது.

நாளை முதலில் நிலைநிறுத்துங்கள். ‘எல்லாருக்கும் எப்ப வசதி?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்பதை இன்றோடு விடுங்கள். ஒன்றுவிட்ட சனிக்கிழமை மாலை 5 முதல் 9 என்று ஒரு வருடத்துக்குக் குறித்துவிடுங்கள். ஷிப்ட் மாறும் சுழற்சி தெரிந்தால் அதற்கேற்ற நாளாகப் பாருங்கள். இரண்டு பேரில் ஒருவராவது ஒவ்வொரு முறையும் கிடைத்தால் போதும். நடத்துபவர் தவிர மூன்று பேர் இருந்தால் ஆட்டம் உண்டு. இரண்டு பேர்தான் என்றால் வேறு சின்ன ஆட்டம்; கூடுவது மட்டும் நிற்கக் கூடாது. ஜான் ஹார்ப்பர் எழுதிய ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ ஒரே பக்கத்தில் முழு விதியும் அடங்கிய இலவச ஆட்டம், சாதாரண ஆறு முகக் கட்டை போதும். ‘இன்று ஆட்டம் ரத்து’ என்பது தொடர்ந்து இரண்டு முறை வந்தால் மூன்றாம் முறை யாரும் பதிலே போடமாட்டார்கள்.

கதையையும் இதற்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் பாத்திரங்கள் ஊருக்குத் திரும்புவதோடு முடியட்டும். குகைக்குள் பாதிச் சண்டையில் நிறுத்தினால், அடுத்த முறை வராதவரின் பாத்திரத்தை என்ன செய்வது என்பதிலேயே அரை மணி நேரம் போகும். ஒன்பது மணிக்கு முடிக்க வேண்டுமானால் எட்டரைக்கே திரும்பும் வழியைக் காட்டிவிடுங்கள். வராதவர் ஊரில் தங்கிவிட்டார். அவருக்கும் அனுபவப் புள்ளி சமமாகக் கொடுங்கள். ராத்திரி ஷிப்ட் பார்த்தவர் நிலை ஒன்றிலேயே நின்று, மற்றவர் நிலை மூன்றுக்குப் போனால், அவர் பிறகு வரவேமாட்டார்.

கதையை நாற்பது பக்கம் எழுதிவைத்தேன். ஆடியவர்கள் முதல் பக்கத்திலேயே வேறு திசையில் போய்விட்டார்கள். இனி நடத்தவே பிடிக்கவில்லை.
— வாசகர், ஏற்காடு

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த நாற்பது பக்கமும் ‘அவர்கள் இதைச் செய்வார்கள்’ என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. நிலைமையை எழுதுங்கள், நடக்கப்போவதை எழுதாதீர்கள். யாருக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் நாளை என்ன நடக்கும், இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும்.

உங்கள் மலையையே வைத்துப் பார்ப்போம். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதற்கு நூறு வருடம் கழித்து ஒரு கற்பனை எஸ்டேட். பழம் பறிக்கும் பருவம். சம்பளப் பணத்தோடு சேலத்திலிருந்து கிளம்பிய கணக்குப்பிள்ளை மேலே போய்ச் சேரவில்லை. பணத்தோடு ஓடிவிட்டார் என்பது ஊர்ப் பேச்சு. தெரிந்த ஆள் ஒருவர்தான் அவரை வழியில் இறக்கிக் கூட்டிப்போனார் என்பது உண்மை.

அந்த உண்மைக்கு மூன்று தடயமாவது வையுங்கள். அடிவாரத்து டீக்கடையில் அவர் இரண்டு டீக்குக் காசு கொடுத்திருக்கிறார். வளைவோரத்தில் கிடைத்த அவர் குடை ஒழுங்காக மடித்துக் கட்டியிருக்கிறது. ‘அண்ணா, இருங்க வர்றேன்’ என்று சொல்லிக்கொண்டே இறங்கினார் என்று வண்டிக்காரர் சொல்கிறார். ஒரு தடயத்தை ஆட்டக்காரர்கள் தாண்டிப் போவார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். ஒரே தடயம் வைத்து அதையும் கட்டை உருட்டலுக்குப் பின்னால் ஒளித்தால் என்ன ஆகும்? இருபது முகக் கட்டையில் விழும் எண்ணோடு ஆட்டக்காரரின் கூடுதல் 3-ஐச் சேர்த்து 15 வரவேண்டும் என்று வையுங்கள். கட்டையில் 12-ஓ அதற்கு மேலோ விழவேண்டும், 55 சதவீதம் தோல்வி. பாதிக்கு மேற்பட்ட மேஜைகளில் கதை அங்கேயே படுத்துவிடும். தேடினால் தடயம் கிடைக்கட்டும். எவ்வளவு நேரத்தில், யார் கண்ணிலும் படாமல் கிடைத்ததா என்பதற்கு மட்டும் உருட்டுங்கள்.

சேலத்திலிருந்து ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. உங்கள் கையிலிருக்கும் கட்டைக்கும் முகம் இருபது. இதைவிட வசதி வேறு எந்த ஊருக்கும் கிடையாது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரே வரி எழுதுங்கள்: ஒன்றில் சரிந்த மண், ஒன்றில் மூடுபனிக்குள் நிற்கும் மாட்டுவண்டி, ஒன்றில் அணைந்தும் சூடு ஆறாத அடுப்பு. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தடவை உருட்டுங்கள். அதே எண் மறுபடி விழுந்தால் அந்த இடத்தில் இப்போது என்ன மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத் தயாரிப்பில் இரண்டு மாதம் ஓடும்.

தமிழில் ஆடினால் நாடகம் மாதிரி இருக்கிறது என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் ஆட வேண்டுமா?
— வாசகி, செவ்வாய்ப்பேட்டை

மேடைத் தமிழில் பேசினால் சிரிப்பு வரத்தான் செய்யும். வீட்டில் பேசுகிற பேச்சிலேயே ஆடுங்கள். விதிச் சொற்களை மொழிபெயர்க்கச் சிரமப்பட வேண்டாம். ‘ஸ்ட்ரென்த் உருட்டு’, ‘டேமேஜ் எவ்வளவு?’ என்றால் எல்லாருக்கும் புரியும். பாத்திரங்கள் வாய் திறக்கும்போது தமிழ் வந்தால் போதும்.

அந்த இடத்தில் தமிழ் கொடுப்பதை ஆங்கிலம் கொடுக்காது. நீ, நீங்க என்ற வேற்றுமையே நடத்துபவருக்குப் பெரிய கருவி. இதுவரை ‘வாங்க, உக்காருங்க’ என்ற பண்ணையார் திடீரென்று ‘நீ’ என்றால், மேஜையில் எல்லாருக்கும் ஆபத்து புரிந்துவிடும். யாரும் வாளை உருவத் தேவையில்லை. ‘நாங்க’வும் ‘நாம’வும் இன்னும் நுட்பம். கொள்ளைக் கூட்டத்து ஆள் ‘நாங்க ராத்திரி கிளம்பறோம்’ என்றால் உங்களைச் சேர்க்கவில்லை. ‘நாம கிளம்பலாம்’ என்றால் சேர்த்துக்கொண்டார். நம்பிக்கை கிடைத்ததா என்று ஆட்டக்காரர்கள் கேட்கவே வேண்டாம், காதாலேயே கண்டுபிடிப்பார்கள். அந்தச் சொல் மாறும் இடத்தை முன்கூட்டியே ஓரத்தில் குறித்துவையுங்கள், வேகத்தில் வாய் தவறினால் அர்த்தமே மாறிவிடும்.

நடத்துபவர் ‘நீங்க பயந்து ஓடறீங்க’ என்று சொல்லக் கூடாது. பயப்படுவதும் ஓடுவதும் ஆடுகிறவர் உரிமை. கண்டதையும் கேட்டதையும் சொல்லி ‘என்ன பண்றீங்க?’ என்று நிறுத்துங்கள்.

என் இருபது முகக் கட்டை ஓரவஞ்சனை செய்கிறதோ என்று சந்தேகம். உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாமா?
— வாசகர், ஆத்தூர்

பார்க்கலாம், ஆனால் உப்பு நிறைய வேண்டும். அக்ரிலிக் தண்ணீரைவிட சுமார் 1.18 மடங்கு கனம். இனி கரையாது என்ற அளவுக்கு உப்பு போட்ட தண்ணீர் சுமார் 1.2. அதனால் 100 மில்லிக்குக் கிட்டத்தட்ட 35 கிராம் கரைத்தால்தான் கட்டை மிதக்கும். இரண்டு ஸ்பூன் போட்டுவிட்டு ‘மிதக்கவில்லை’ என்பவர்கள்தான் அதிகம். மிதந்தபின் விரலால் சுண்டி விடுங்கள். எப்போதும் ஒரே முகம் மேலே வந்தால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறது. கனமான ரெசினும் உலோகமும் மிதக்காது.

முடிவாகத் தெரிய 200 தடவை உருட்டி எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணும் பத்துத் தடவை வரவேண்டும். வந்ததற்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்திப் பத்தால் வகுத்து, இருபதையும் கூட்டுங்கள். 30-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். தாண்டாவிட்டால் கட்டையைக் குறை சொல்லாதீர்கள்.

இரண்டு வருடம் ஆடிய பாத்திரம் செத்துப்போனது. தோழி அழுதுவிட்டாள். இதற்கெல்லாம் அழுவார்களா?
— கல்லூரி மாணவி, சேலம்

அழுவார்கள். இரண்டு வருடம் அந்த ஆளாக யோசித்திருக்கிறார், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அன்றைக்கே புதுப் பாத்திரம் எழுதச் சொல்லாதீர்கள். அடுத்த ஆட்டத்தில் மற்றவர்களின் பாத்திரங்கள் அவரை அடக்கம் செய்யும் காட்சிக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஐந்தாம் பதிப்பில் உயிர்ப் புள்ளி சைபருக்கு வந்தவர் ஒவ்வொரு முறையும் இருபது முகத்தை உருட்டுவார். பத்தும் அதற்கு மேலும் மூன்று தடவை விழுந்தால் பிழைப்பார், அதற்குக் கீழே மூன்று என்றால் சாவார். ஒன்று விழுந்தால் இரண்டு தோல்வி, இருபது விழுந்தால் எழுந்துவிடுவார். யாரும் உதவாவிட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம். ஆக, சாவு வரத்தான் செய்யும். அதனால்தான் முதல் ஆட்டத்துக்கு முன் ‘செஷன் ஜீரோ’ என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பாத்திரம் சாகலாமா, எந்த விஷயம் மேஜைக்கு வரவே கூடாது என்று பேசிக்கொள்கிறார்கள். மேஜை நடுவில் எக்ஸ் போட்ட அட்டை ஒன்றையும் வையுங்கள். யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும்.

ஆறு பேர் ஏற்காட்டில் ஒரு ராத்திரி தங்கி விடிய விடிய ஆடப்போகிறோம். என்ன கொண்டுபோக வேண்டும்?
— நண்பர்கள் குழு, ஜங்ஷன்

விடிய விடிய வேண்டாம். மாலை 4 முதல் 8 வரை ஒன்று, சாப்பிட்டுவிட்டு 9 முதல் 12 வரை ஒன்று. அதற்கு மேல் கூட்டல் கணக்கே தப்பும், சின்ன விதிக்கும் சண்டை வரும். ஒரே ராத்திரியில் முடிகிற கதையாக, பெரிய காட்சி மூன்றுக்கு மேல் இல்லாமல் எடுங்கள். பாத்திரங்களைச் சேலத்திலேயே எழுதி முடித்துவிடுங்கள். அங்கே போய் எழுத ஆரம்பித்தால் முதல் ஒன்றரை மணி நேரம் அதிலேயே போகும்.

1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வரும். இங்க்ஜெட்டில் அச்செடுத்த தாள் ஈரத்தில் கலங்கிவிடும், லேசர் அச்சோ ஜெராக்ஸோ எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். எழுதப் பேனா வேண்டாம், பென்சில். சண்டைக் காட்சிக்கு ஒரு அங்குலக் கட்டம் போட்ட ஏ3 தாளை லேமினேட் செய்து, ஒயிட்போர்டு மார்க்கரால் வரையுங்கள். தவறிப்போய் பெர்மனன்ட் மார்க்கரால் வரைந்துவிட்டால் அதன் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் கிறுக்கித் துடைத்தால் இரண்டும் போய்விடும். வினைல் விரிப்பில் ஒயிட்போர்டு மார்க்கர் கறை பிடிக்கும், அதற்கு ஈரத்துணியால் அழியும் மார்க்கர் தனியாக உண்டு. கரன்ட் போனால் கட்டையின் எண் தெரிய, தலைக்கு மேலே தொங்கவிடக்கூடிய சார்ஜ் லைட் ஒன்று. எவர்சில்வர் தாம்பாளத்தில் துணி விரித்து அதில் உருட்டினால் கட்டை கட்டிலுக்கு அடியில் ஓடாது.

மறுநாள் வண்டி ஓட்டுகிறவர் முதல் ஆட்டத்தோடு படுத்துவிடட்டும். அவருடைய பாத்திரத்தை ஊருக்குக் காவலாக நிறுத்திவிட்டு மற்ற ஐந்து பேர் இரண்டாவது ஆட்டத்தைத் தொடருங்கள். காலையில் அவர் இருபது வளைவும் இறங்க வேண்டும்.